துணிக்கு ஜி.எஸ்.எம்., சீட்டுக்கு?

திருப்பூரில் துணி ரோல் வந்து இறங்கியதும் முதல் வேலை, வட்டக் கட்டரை வைத்து ஒரு வெட்டு. 100 சதுர சென்டிமீட்டர் துண்டு தராசில் ஏறும். 1.8 கிராம் காட்டினால் 180 ஜி.எஸ்.எம். 1.7 காட்டினால் அடுத்த நிமிடமே நிட்டிங்காரருக்குப் போன் போகும். கையால் தடவிப் பார்த்து மட்டும் 'ஓகே' சொல்கிற பழக்கம் இந்த ஊரில் கிடையாது.

அதே ஆள் சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு பைக் சீட் கவர் கடைக்குப் போகிறார். கடைக்காரர் ஒரு ஃபோம் துண்டை நீட்டுகிறார். இவர் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துகிறார். "மெத்துனு இருக்குதுங்கண்ணா, இதையே போட்டுருங்க." அவ்வளவுதான். எடை கிடையாது, அளவு கிடையாது, சோதனை கிடையாது.

ஃபாலோ-அப் வேலையில் சேர்ந்த முதல் வருடம் நானும் இதையேதான் செய்தேன். கடையிலிருந்து வீடு வரை சொகுசாக இருந்தது. திங்கட்கிழமை தாராபுரம் வரை போய் வந்தேன், போக மட்டும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். குண்டடம் தாண்டும்போதே பலகைமேல் உட்கார்ந்திருப்பது போலாகிவிட்டது. இரண்டு மாதத்தில் சீட்டின் நடுவே பள்ளம் விழுந்தது. கம்பெனி சீட்டே தேவலை என்று தோன்றியபோது அந்தப் பழைய ஃபோமைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

இந்தக் கட்டுரை, பைக்மேல் வேலை செய்கிறவர்களுக்காக. மெர்ச்சண்டைசர், ஃபாலோ-அப், க்யூ.சி., கான்ட்ராக்டர், ஊசியும் நூலும் சப்ளை செய்பவர், பவர் டேபிள் யூனிட்டுகளுக்குப் போய்வரும் ஓவர்லாக் மெக்கானிக் என்று இந்த ஊரில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதுதான் நாற்காலி. காலையில் அங்கேரிப்பாளையத்தில் நிட்டிங், அங்கிருந்து அருள்புரத்தில் சாயப்பட்டறை, மங்கலம் சாலையில் பிரிண்டிங், பெருமாநல்லூர் பக்கம் தையல், இரவு பி.என். ரோட்டில் பேக்கிங். ஒன்றரை ஷிப்ட் முடியும்போது மீட்டரில் 80, 100 கிலோமீட்டர் ஏறியிருக்கும். வலியோடு ஓட்டுபவர் கடைசி யூனிட்டைப் போனிலேயே முடித்துக்கொள்ளப் பார்ப்பார். ஷேட் பேண்டை நேரில் பார்க்காமல் விட்ட அந்த ஒரு யூனிட்டிலிருந்துதான் பெரும்பாலும் ரிஜெக்ஷன் வரும். ஆகவே சீட்டை வேலைக் கருவியாக நினையுங்கள். தராசு, அளவு நாடா வரிசையில் அதற்கும் ஓர் இடம் உண்டு.

வலி வரும் வழி

நாம் உட்காரும்போது உடல் எடை முக்கியமாக இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முனைகளில் இறங்குகிறது. அந்த இரண்டு புள்ளிகளுக்கும் சீட்டின் அடித்தகட்டுக்கும் நடுவே நிற்பது ஃபோம் ஒன்றுதான். ஃபோம் மிகவும் மெத்தென்று இருந்தால் எலும்பு முனைகள் அதை அடிவரை அழுத்திவிடும். அதற்குப் பிறகு நீங்கள் உட்கார்ந்திருப்பது பிளாஸ்டிக் தகட்டின்மேல். அழுத்தம் ஓரிடத்தில் குவிந்தால் அங்கே ரத்த ஓட்டம் குறைகிறது. முதலில் மரத்துப்போகும், பிறகு எரியும், பிறகு வலிக்கும். கடையில் கட்டைவிரலுக்கு மெத்தென்று தெரிந்தது 70 கிலோ எடைக்கு ஒன்றுமே இல்லாமல் போவதன் காரணம் இதுதான்.

இதோடு சூடும் வியர்வையும் சேர்கின்றன. வெயிலில் நின்ற கறுப்பு ரெக்சின், அடியில் காற்றுப் புகாத ஃபோம், நனைந்த பருத்தி ஜட்டி, மேலே ஜீன்ஸின் தடித்த தையல். ஈரத்தில் ஊறிய தோல் சீக்கிரம் உரசிப் புண்ணாகும். வால் எலும்புக்கு மேலே பிளவுப் பகுதியில் வரும் சீழ்க்கட்டிக்கு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்தில் 'ஜீப் நோய்' என்றே பெயர் இருந்தது. கரடுமுரடான பாதையில் நாள் முழுக்க ஜீப்பில் குலுங்கிய வீரர்களில் அவ்வளவு பேருக்கு வந்தது. அந்த இடத்தில் வீக்கமோ சீழோ கண்டால் சீட்டை மாற்றிப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நேராக அறுவை மருத்துவரிடம் போங்கள். காலில் மின்சாரம் பாய்வது போன்ற வலி, மரத்துப்போனது மரத்துப்போனபடியே இருப்பது, இவையும் மருத்துவரிடம் காட்ட வேண்டியவை.

காசு செலவழிக்கும் முன்

சீட்டைத் தொடும் முன்பே பாதி வலியைக் குறைக்கலாம். பின்பாக்கெட்டில் இருக்கும் பர்ஸை எடுங்கள். ஒரு பக்கம் ஒரு அங்குலம் உயர்ந்து உட்கார்ந்து நாளைக்கு மூன்று மணி நேரம் ஓட்டினால் இடுப்பு கோணிக்கொண்டுதான் நிற்கும்.

அடுத்தது முதுகுப் பை. லேப்டாப், சைஸ் செட், லேப் டிப் கார்டுகள், ஸ்வாட்ச் கட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்ந்து எளிதாக ஐந்தாறு கிலோ வரும். அந்த எடை உங்கள் முதுகெலும்பு வழியாக அதே இரண்டு எலும்பு முனைகளுக்குத்தான் போகிறது. பின்னால் ஒரு கேரியர் பெட்டி அல்லது பக்கவாட்டுப் பை மாட்டி, சுமையை வண்டி சுமக்கட்டும்.

பிறகு ஷாக். பின் ஷாக்கின் அடியில் அல்லது மேலே படிக்கட்டு போல வெட்டிய ஒரு வளையம் இருக்கும். பொதுவாக நமது 100 சி.சி. வண்டிகளில் அதற்கு ஐந்து நிலை உண்டு. பீஸ் மூட்டை ஏற்றிய நாளில் யாரோ அதைக் கடைசி நிலைக்குத் திருப்பி வைத்திருப்பார்கள். பிறகு நீங்கள் தனியாகத்தான் ஓட்டுவீர்கள், ஆனால் வளையம் அங்கேயே நிற்கும். ஒவ்வொரு குழியும் நேராக முதுகுக்கு வரும். தனியாளுக்கு ஒன்று அல்லது இரண்டாம் நிலைக்கு இறக்குங்கள். காற்றும் அப்படித்தான். தனியாக ஓட்ட ஓர் அளவு, பின்னால் ஆள் இருந்தால் வேறோர் அளவு என்று வண்டிக் கையேட்டிலும், பல வண்டிகளில் ஸ்டிக்கரிலும் எழுதியிருக்கும். பங்கில் இரண்டு டயருக்கும் 40 பி.எஸ்.ஐ. அடித்துவிட்டு ஓட்டினால் எந்த ஃபோமும் உங்களைக் காப்பாற்றாது.

இவற்றைச் சரிசெய்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். வலி போய்விட்டால் கட்டுரையை இங்கேயே மடித்து வைத்துவிடலாம்.

அட்டைப்பெட்டியில் ஓர் அளவு

இன்னும் வலித்தால் அளவெடுக்க வேண்டும். இதற்கான கருவி பேக்கிங் செக்ஷனில் குப்பையாகக் கிடக்கிறது. ஏற்றுமதிக் கார்ட்டனிலிருந்து ஒரு அட்டைத் துண்டை வெட்டி சிமெண்ட் படிமேல் வையுங்கள். மெல்லிய பேண்ட்டோடு அதன்மேல் உட்கார்ந்து, பைக் ஓட்டுவது போல லேசாக முன்னால் சாய்ந்து, கால்களை உயர்த்தி ஒரு நிமிடம் அழுத்துங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு குழிகள் தெரியும். தெரியாவிட்டால் சாக்பீஸைப் படுக்க வைத்துத் தேயுங்கள், குழி வெள்ளையாகாமல் தனித்து நிற்கும். இரண்டு குழிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளவு நாடாவால் அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலோருக்கு 10 முதல் 15 சென்டிமீட்டருக்குள் வரும்.

இந்த அட்டையை வண்டிச் சீட்டின்மேல், நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு குழிகளும் சமதளத்தில் விழுகின்றனவா? குழிக்கு வெளியே இரண்டு பக்கமும் இன்னும் மூன்று நான்கு சென்டிமீட்டராவது சமதளம் இருக்கிறதா? குழி ஒன்று சரிவில் விழுந்தால் அங்கேதான் உங்கள் வலி. அந்த அட்டையைப் பத்திரமாக வையுங்கள். சீட் கடைக்குப் போகும்போது அதுதான் உங்கள் பேட்டர்ன்.

ஃபோமைத் தராசில் ஏற்றுங்கள்

ஃபோமுக்கும் ஜி.எஸ்.எம். மாதிரி ஓர் எண் உண்டு. டென்சிட்டி என்பார்கள். ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு. கடையில் '40 டென்சிட்டி' என்று சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஓரத்தில் வெட்டி விழுந்த துண்டைக் கேட்டு வாங்கி, 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர், உயரம் 5 சென்டிமீட்டர் என்று நறுக்குங்கள். அது அரை லிட்டர் கொள்ளளவு. கம்பெனித் தராசில் வைத்து வரும் கிராமை இரண்டால் பெருக்கினால் டென்சிட்டி. 20 கிராம் இருந்தால் 40. 12 கிராம்தான் இருக்கிறது என்றால் அது சோபா முதுகுக்குப் போட வேண்டிய 24 டென்சிட்டி. நாள் முழுக்க ஓட்டுபவர் 40-க்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் அனுபவம்.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். டென்சிட்டி வேறு, கெட்டித்தன்மை வேறு. 180 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்சியும் 180 ஜி.எஸ்.எம். இன்டர்லாக்கும் கைக்கு ஒன்றாகவா இருக்கின்றன? அப்படித்தான். டென்சிட்டி அதிகமாக இருந்தால் ஃபோம் சீக்கிரம் உட்கார்ந்துபோகாமல் நிற்கும். எவ்வளவு மெத்தென்று இருக்க வேண்டும் என்பது உங்கள் எடையைப் பொறுத்தது. 55 கிலோ ஆளுக்குச் சொகுசான ஃபோம் 85 கிலோ ஆளுக்கு அடியில் தட்டும்.

ஷ்ரிங்கேஜ் பார்ப்பது போல இதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. ஆய்வகங்களில் ஃபோமைப் பாதி உயரத்துக்கு அழுத்தி, 70 டிகிரி சூட்டில் 22 மணி நேரம் வைத்து, எடுத்த பிறகு எவ்வளவு மீள்கிறது என்று பார்ப்பார்கள். நமக்கு அந்த அடுப்பு வேண்டாம். இரவு போகும்போது துண்டை ஒரு துணி ரோலுக்கு அடியில் திணித்துவிட்டுப் போங்கள். காலையில் எடுத்து அரை மணி நேரம் விட்டு உயரத்தை அளந்து பாருங்கள். 50 மில்லிமீட்டர் 45-க்குக் கீழே போயிருந்தால் அந்த ஃபோமை வாங்காதீர்கள்.

கடைகளில் பல வண்ணப் பொட்டுகளோடு கனமான ஒரு ஃபோம் கிடைக்கும். ஃபோம் கழிவை அரைத்துப் பசை போட்டு அழுத்தியது, ரீபாண்டட் என்பார்கள். பனியன் வேஸ்ட்டை மறுபடி நூலாக்குவது போன்ற வேலை. கெட்டியானது, மலிவானது. அடியடுக்குக்கு அருமையாகப் பொருந்தும். அதையே மேல் வரை போட்டால் கல்லில் உட்கார்ந்தது போலிருக்கும். என் சீட்டில் இப்போது இருப்பது, அடியில் கெட்டியான அடுக்கு, அதன்மேல் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மீள்திறன் அதிகமுள்ள மெத்தென்ற அடுக்கு. முதலில் கொஞ்சம் கெட்டியாகத் தெரியும். 40-வது கிலோமீட்டரில்தான் அதன் அருமை புரியும்.

ஜெல் பேட் கேட்பவர்கள் அதை மேலே வைக்கச் சொல்லாதீர்கள், வெயிலில் கொதிக்கும். ஒரு மெல்லிய ஃபோம் அடுக்குக்கு அடியில் வைக்கட்டும். காற்றடைத்த குஷன் வாங்கினால் பந்து போல ஊதாமல், அடித்தகடு தொடாத அளவுக்கு மட்டும் ஊதுங்கள்.

கடைக்காரரிடம் என்ன சொல்வது

நல்ல சீட் கடைக்காரரின் கை வேலை பார்க்கத் தகுந்தது. பழைய கவரின் ஸ்டேப்பிள் பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஃபோமை வெளியே எடுத்து, சாக்பீஸால் கோடு போட்டு, ஹேக்ஸா பிளேடால் சீவி, கிரைண்டரில் உப்புத்தாள் தட்டை மாட்டி மெல்ல மெல்ல இழைப்பார். மஞ்சள் தூள் பறக்கும். கையால் தடவிப் பார்ப்பார், மறுபடி இழைப்பார். கட்டிங் டேபிளில் நாற்பது லேயரைக் கோணாமல் வெட்டும் கைக்குச் சமமான கை அது. அவரிடம் 'மெத்துனு போடுங்க' என்று மட்டும் சொல்வது அந்தத் திறமைக்கு வேலையே கொடுக்காதது.

என் கடைக்காரரிடம் நடந்த பேச்சு இது.

"அண்ணா, இந்த அட்டையைப் பாருங்க. இந்த ரெண்டு குழி விழற எடம் தட்டையா வேணுங்க. இப்ப முன்னாடி சரிஞ்சு டேங்க்மேல போய் முட்டுதுங்க."

"உயரம் கூடலாமுங்களா தம்பி?"

"வேண்டாங்கண்ணா, இப்பவே கால் எட்டறது சிரமம். மூக்குப் பக்கம் ரெண்டு ஓரத்தையும் இழைச்சு ஒடுக்கிருங்க. பின்னாடி வால் எலும்புக்கு ஒரு பள்ளம் குடுங்க."

அவர் அட்டையை வாங்கிச் சீட்டின்மேல் வைத்து, பேனாவால் இரண்டு வட்டம் போட்டுக்கொண்டார். அவ்வளவு போதும்.

உயரத்தை மறந்துவிடாதீர்கள். ஸ்ப்ளெண்டர் பிளஸ் சீட்டின் உயரம் 785 மில்லிமீட்டர். அதன்மேல் ஒரு அங்குல ஃபோம் ஏற்றினால், சரக்கு லாரிகளுக்கு நடுவே நிற்கும்போது கால் நுனிதான் தரையைத் தொடும். முன்மூக்கை ஒடுக்கினால் அந்த உயரத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். தொடை உள்பக்கம் படும் ஓரம் வளைவாக இருக்க வேண்டும், கூராக இருந்தால் கால் மரத்துப்போகும். தையல் ஓட்டை வழியாக மழை இறங்கும் என்பதால் ஃபோமுக்கும் கவருக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள் போடச் சொல்லுங்கள். எலும்பு படும் இடத்தில் தையல் ஓடக் கூடாது. முடிந்தால் கம்பெனி ஃபோமில் கை வைக்காமல், பழைய சீட் ஒன்றை வாங்கி அதில் வேலை செய்யச் சொல்லுங்கள். எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேர வேண்டாம்.

சட்டம் பற்றி இரண்டு வரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஃபோமும் கவரும் மாற்றுவதில் அப்படி எந்த விவரமும் மாறாது. இரட்டை சீட்டை ஒற்றையாக்குவது வேறு விஷயம், அதைத் தவிர்த்துவிடுங்கள். பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும் கால் மிதியும் வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி சொல்கிறது. சீட் பட்டையே கைப்பிடியாக இருக்கும் வண்டியில், புதுக் கவர் போட்ட பிறகு அந்தப் பட்டை திரும்ப மாட்டப்பட்டதா என்று பாருங்கள்.

மீதி மருந்து நம் ஊர்த் துணியிலேயே

எனக்கு மிகவும் ஆதங்கம் தரும் இடம் இது. நீண்ட பயணத்துக்கு வேண்டிய துணிகளெல்லாம் திருப்பூரில் ஓடுகின்றன, ஆனால் அவற்றை ஓட்டுகிறவர்களே உடுத்துவதில்லை.

பருத்தியின் ஈர ஏற்பு 8.5 சதவீதம், பாலியஸ்டருக்கு 0.4. வீட்டில் உடுத்தப் பருத்திக்கு ஈடில்லை. ஆனால் மூன்று மணி நேரம் சீட்டில் அழுந்திக் கிடக்கும்போது பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு காயாமல் நிற்கும். ஸ்போர்ட்ஸ் டி-ஷர்ட்டுக்கு ஓடும் நுண்ணிழை பாலியஸ்டர் துணி ஈரத்தை இழைகளின் இடுக்கு வழியாக வெளியே கடத்திச் சீக்கிரம் காயும். அதில் லைக்ரா கலந்து, தொடை பாதி வரை வரும் ஷார்ட்ஸ் போடுங்கள். சாதாரண ஜட்டியின் எலாஸ்டிக் கவட்டி மடிப்பிலேயே அழுந்தும், நீள ஷார்ட்ஸில் அது தொடைக்கு இறங்கிவிடும்.

வாங்கும்போது உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பாருங்கள். ஓவர்லாக் தையல் ஒரு வரப்பு போல எழும்பி நிற்கும். ஃபிளாட்லாக் தட்டையாகப் படுத்திருக்கும். உரசல் புண்ணுக்கும் நிம்மதிக்கும் நடுவே உள்ள வித்தியாசம் அந்த ஒரு மில்லிமீட்டர் வரப்புதான். மேலே போடும் பேண்ட்டுக்கும் இதே கண். ஜீன்ஸில் நான்கு தையல்கள் சந்திக்கும் அந்த முடிச்சு நேராகச் சீட்டில்தான் அழுந்துகிறது. நீண்ட தூரம் போகும் நாளில் அதைத் தவிருங்கள்.

சீட்டின் மேலே போட ஸ்பேசர் துணி இருக்கிறது. கடையில் 3டி மெஷ், ஏர் மெஷ் என்பார்கள். ஷூவிலும் பையின் முதுகுப் பக்கத்திலும் பார்த்திருப்பீர்கள். இரண்டு துணி முகங்கள், நடுவே தூண்கள் போல நிமிர்ந்து நிற்கும் மோனோஃபிலமெண்ட் நூல். அழுத்தினாலும் தூண்களுக்கு நடுவே காற்று ஓடும், வெயிலில் நின்ற ரெக்சின் சூடும் நேராக ஏறாது. ஐந்து மில்லிமீட்டர் தடிமனில் ஒரு துண்டு வாங்கி, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்து, அடியில் வழுக்காத துணி கொடுத்து ஓர் உறை தைத்துக்கொள்ளலாம். எந்தப் பவர் டேபிள் யூனிட்டிலும் டெய்லர் அக்காவிடம் கேட்டால் சாயங்கால டீக்கு முன்பே தைத்துக் கொடுத்துவிடுவார். ஆனால் உறை வழுக்கக் கூடாது. பிரேக் பிடிக்கும்போது உறையோடு நீங்களும் முன்னால் போனால் ஆபத்து.

ஸ்கூட்டர் ஓட்டும் பெண்களுக்கு ஒரு சொல். மெர்ச்சண்டைசிங்கிலும் செக்கிங்கிலும் ஸ்கூட்டரில் வருபவர்கள் நிறைய. பைக்கில் குழி வந்தால் கால் மிதியில் லேசாக எழுந்து நிற்கலாம், முழங்கால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஸ்கூட்டரில் கால் முன்னால் பலகையில் இருப்பதால் எடை முழுவதும் சீட்டில்தான். ஆகவே உங்களுக்குத்தான் ஃபோம் இன்னும் கெட்டியாகவும், சீட்டின் பின்பகுதி முதுகைத் தாங்கும்படியும் இருக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் ஓட்டலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அந்த மாதங்களில் வெளியூர் யூனிட் ஆடிட்டை வேறொருவருக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம்.

நிர்வாகத்திடம் கேட்பது

பெட்ரோல் காசு தருகிற கம்பெனியிடம் சீட்டுக்கும் கேட்கலாம். எப்படிக் கேட்பது என்பதில்தான் இருக்கிறது. இரண்டு வாரம் மீட்டர் கணக்கு எழுதுங்கள், எந்த யூனிட், எத்தனை முறை, எத்தனை கிலோமீட்டர் என்று. ஒரே நாளில் ஒரே சாலையில் மூன்று முறை போனது அதில் தெரியும். "சார், அருள்புரம், பல்லடம் வேலையைக் காலையில ஒரே சுற்றா முடிச்சா வாரத்துல இவ்வளவு பெட்ரோல் மிச்சமுங்க. அந்த மிச்சத்துல ஒரு தடவை சீட் வேலை செஞ்சு குடுங்க" என்று கணக்கோடு போனால் காது கொடுப்பார்கள். வலிக்கிறது என்று மட்டும் சொன்னால் லீவு எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

இடையில் இறங்குவதும் வேலையில் சேர்த்தி. அமெரிக்காவில் அயர்ன் பட் அசோசியேஷன் என்ற அமைப்பு, 24 மணி நேரத்தில் 1000 மைல், அதாவது ஏறக்குறைய 1600 கிலோமீட்டர் ஓட்டுபவர்களுக்குச் சான்று தருகிறது. அப்படி ஓட்டுபவர்களே பெட்ரோல் நிறுத்தங்களையும் ஓய்வையும் முன்கூட்டித் திட்டமிட்டுத்தான் கிளம்புகிறார்கள். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நூறடி நடங்கள். டீக்கடையில் நின்றே குடியுங்கள்.

புதுச் சீட்டுக்கு முழுப் பணத்தையும் அன்றே கொடுத்துவிடாதீர்கள். "ஒரு வாரம் ஓட்டிட்டு வர்றேங்கண்ணா, இழைக்க வேண்டியிருந்தா இழைச்சுக் குடுங்க" என்று பேசிக்கொள்ளுங்கள். வலிக்கிற இடத்தில் வண்டியை நிறுத்தி, கவர்மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, எத்தனையாவது கிலோமீட்டர் என்று பக்கத்தில் எழுதுங்கள். என் சீட்டில் முதல் வாரம் இடது ஓரத்தில் 35 என்று இருந்தது. சனிக்கிழமை எட்டரைக்கு ஷிப்ட் விட்டதும் கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரர் பத்து பின்களைப் பிடுங்கி, அந்த ஓரத்தில் அரை சென்டிமீட்டர் இழைத்து, மறுபடி கவரை இழுத்து அடித்தார். அடுத்த முறை தாராபுரம் போய்த் திரும்பியபோது சாக்பீஸ் பாக்கெட்டிலேயே இருந்தது.